முன்பே பார்த்த அறை

பல்லாவரம் ஸ்டேஷனில் காலை மின்சார ரயிலுக்கு நிற்கும் கூட்டத்தில், ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறையை மடங்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு சிலர் நிற்பதைப் பார்க்கலாம். கிண்டியில் இறங்கி அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவார்கள். சிலர் பார்க் ஸ்டேஷன் வரை போய் ஜி.எச்.சுக்கு நடப்பார்கள். “கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க” என்பதே அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் ஓடிய பேச்சு. கரண்ட் என்று அவர்கள் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையில் உடம்புக்குள் மின்சாரம் பாய்வதில்லை, யாரும் ஊசி குத்துவதில்லை, கதிர் படும்போது வலியும் தெரியாது. இவ்வளவையும் டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். ஆனால் சொல்லிக் கேட்டு அடங்குகிற பயம் இல்லை அது. காணாத ஓர் அறையைப் பற்றிய பயம், கண்ணால் கண்டால்தான் அடங்கும்.

அந்த அறையை முன்கூட்டியே கண்ணுக்குள் கொண்டுவந்து வைக்கும் அழகிய கைவண்ணம் ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மெல்ல மெல்ல உருவாகி வந்திருக்கிறது. வி.ஆர். என்று பிள்ளைகள் சொல்லும் மெய்நிகர் கண்ணாடிதான் அதன் கருவி. மால்களில் விளையாட்டுக்காக மாட்டிவிடுகிறார்களே, அதே கண்ணாடி. சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒருவரின் முகத்தில் அது ஏறும்போது அதற்குள் எத்தனை நுட்பமும் கனிவும் கூடிவிடுகின்றன என்பதை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பனியைப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த வழியைத் திறந்துவிட்டது பனிதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயம் பட்டவர்களுக்காக ‘ஸ்னோவேர்ல்ட்’ என்ற மெய்நிகர் உலகத்தை உருவாக்கினார்கள். தீக்காயத்தில் கட்டு மாற்றும் நேரம் மருந்துக்கும் அடங்காத வலி நேரம். அந்த நேரத்தில் நோயாளி கண்ணாடிக்குள் ஒரு பனிப் பள்ளத்தாக்கில் மெல்ல மிதந்து போவார். நீலமும் வெண்மையும் கலந்த மலைச்சரிவு, பனிமனிதர்கள், பெங்குவின்கள். அவற்றின்மேல் பனி உருண்டை எறிந்துகொண்டே போகலாம். தீயில் வெந்த உடம்புக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த காட்சி என்ன என்று பாருங்கள். கடற்கரையைத் தேரவில்லை, வெயில் காயும் புல்வெளியையும் தேரவில்லை. எரிச்சலுக்கு நேர் எதிரே நிற்கும் குளிர்ச்சியைத் தேர்ந்திருக்கிறார்கள். மனத்துக்குக் கிடைத்திருக்கும் கவனம் ஓர் அளவுக்கு உட்பட்டது, பனியில் செலவான கவனம் வலிக்கு மிஞ்சாது என்பது அதன் பின்னால் இருந்த அறிவியல். அந்த நிறத்தையும் அந்தக் குளிரையும் அறிவியல் மட்டும் தேர்ந்திருக்காது. வெந்த கைக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தக் கைக்கு இப்போது என்ன வேண்டும் என்று யோசித்த ஒரு நெஞ்சு அதில் இருக்கிறது.

கதிர்வீச்சு அறைக்கு வருகிறவரின் தேவை வேறு. அவருக்கு மறக்கவேண்டிய வலி இல்லை, அறியவேண்டிய இடம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹல் நகரில் பல்கலைக்கழகத்தாரும் மருத்துவமனையாரும் சேர்ந்து உருவாக்கிய ‘வெர்ட்’ என்ற மெய்நிகர் சிகிச்சை அறை இந்தத் தேவைக்கு அழகாகப் பொருந்திப்போனது. கதிர்வீச்சுத் தொழில்நுட்ப மாணவர்கள் மெய்யான இயந்திரத்தைத் தொடுமுன் பழகிக்கொள்வதற்காகச் செய்தது அது. சுவரளவு திரையில், நிஜ அளவில், முப்பரிமாணத்தில் சிகிச்சை அறை எழுந்து நிற்கும். மாணவருக்குப் புரிகிற அறை நோயாளிக்கும் புரியுமே என்று பின்னால் சில மருத்துவமனைகளுக்குத் தோன்றியது. ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கப்போகும் பெண்களுக்கு இதைக் காட்டி, சிகிச்சையைப் பற்றிய அவர்களின் அறிவு கூடியதையும் அந்த அனுபவம் அவர்களுக்கு நல்லதாக அமைந்ததையும் 2018இல் வெளியிட்டார்கள்.

வெர்ட்டில் என்னை மிகவும் ஈர்க்கும் நயம் கதிரின் உருவம். மெய்யான அறையில் கதிரைக் காண முடியாது. நிறமில்லை, மணமில்லை, சூடுமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடம்புக்குள் புகுந்து போகிறது என்பதே பாதி பயம். மெய்நிகர் அறையில் அந்தக் கதிருக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு கண்ணாடிபோல் தெளிந்து உள்ளுறுப்புகள் தெரிய, பல திசைகளிலிருந்து வரும் ஒளிக்கற்றைகள் கட்டி இருக்கும் ஒரே இடத்தில் கூடுகின்றன. நுரையீரலும் இதயமும் எவ்வளவு தூரம் விலக்கிக் காக்கப்பட்டிருக்கின்றன என்பதும் தெரிகிறது. இயந்திரத்தின் தலைக்குள் டங்ஸ்டன் தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அகலம், நூற்றுக்கு மேற்பட்ட தகடுகளும் உண்டு. ஒவ்வொரு தகடும் தனித்தனியே நகர்ந்து, கதிர் போகும் வாசலைக் கட்டியின் வடிவத்துக்கே வெட்டிவிடும். தனக்கென்று, தன் உடம்பின் அளவுக்கென்று அந்த வாசல் வரையப்பட்டிருப்பதை ஒரு நோயாளி கண்ணால் காண்கிறார். பயத்தோடு அந்தத் திரையைப் பார்க்க வந்தவர்க்கு அங்கே ஒரு பாதுகாப்பு தெரிகிறது. எத்தனை இனிய திருப்பம்!

இப்போது கேமராவின் உயரத்துக்கு வருவோம். செலவு குறைந்த வழியாக, மெய்யான சிகிச்சை அறையிலேயே எல்லாத் திசையும் பார்க்கும் கேமராவை வைத்துப் படமெடுத்து, தலையில் மாட்டும் கண்ணாடியில் காட்டுவதும் உண்டு. கேமராவை எங்கே வைப்பது என்பதில்தான் அதன் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. நிற்பவரின் கண் உயரத்தில் வைத்தால் சுற்றுலாப் படம் கிடைக்கும், அறையும் இயந்திரமும் கம்பீரமாகத் தெரியும். நோயாளி பார்க்கப்போவது அந்த அறையையே அல்ல. அவர் படுத்திருப்பார். படுத்திருப்பவரின் கண்ணுக்கு உலகம் என்பது கூரை. ஆகவே நல்ல படத்தில் கேமரா சிகிச்சை மேசையில், தலை வைக்கும் இடத்தில், முகம் மேலே பார்க்கும்படி கிடக்கும். மேசை மெல்ல உயர்கிறது. பக்கச் சுவர்களிலிருந்து மெல்லிய லேசர் கோடுகள் வந்து உடம்பில் விழுகின்றன. இருபுறமும் இரண்டு முகங்கள் குனிந்து, தோலில் இட்ட புள்ளியையும் கோட்டையும் ஒத்துப்பார்க்கின்றன. இயந்திரத்தின் வட்டத் தலை நெற்றிக்கு மேலே வந்து நிற்கிறது. பிறகு நிதானமாகச் சுற்றுகிறது, உடம்பைத் தொடாமல். தொடாமல் சுற்றுகிறது என்பதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் ஏறாத மனத்தில், கீழே படுத்து ஒருமுறை பார்த்ததும் ஏறிவிடுகிறது. நின்று எடுத்த படத்துக்கும் படுத்து எடுத்த படத்துக்கும் நடுவே உள்ள அந்த மூன்றடி உயர வித்தியாசத்தில் நோயாளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்த ஒருவரைக் காண்கிறேன். எனக்கு அவர்மேல் அளவற்ற பிரியம்.

ஒலியையும் அப்படியே செய்திருக்கிறார்கள். இயந்திரம் ஓடும்போது ஒரு சீரான ரீங்காரம் கேட்கும், தகடுகள் நகரும் சிற்றொலி கேட்கும், தடித்த கதவு மூடும் ஓசை கேட்கும். இவற்றை அழித்துவிட்டு மேலே வீணை இசையைப் போட்டிருக்கலாம். நல்ல படங்கள் அதைச் செய்வதில்லை. நாளைக்குக் கேட்கப்போகும் ஓசையை இன்றைக்கே, அதே சுருதியில் கேட்க வைக்கின்றன. பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்த் தேர்வு மையத்தைக் காட்டிவிட்டு வருவோமே, இதுவும் அதுதான். கேள்வித்தாள் மாறாது, ஆனால் வாசலும் படியும் ஜன்னலும் பழகிய முகங்களாகிவிடும்.

பிறகு தனிமை. கதிர் ஓடும்போது அறையில் நோயாளியைத் தவிர யாரும் இருக்க முடியாது. கனத்த கான்கிரீட் சுவருக்கு அப்பால் போய்விடுவார்கள். “எல்லாரும் என்னை விட்டுட்டு வெளியில ஓடிட்டாங்க” என்று முதல் நாள் சிகிச்சை முடிந்து வருகிறவர்கள் சொல்வதுண்டு. அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டு இந்தக் கலை செய்திருக்கும் பதில் மிக அழகானது. கதவு மூடியதும் படம் அறைக்குள்ளேயே நின்றுவிடாமல் சுவரைக் கடந்து வெளியே வருகிறது. அங்கே மேசைமேல் திரைகள். திரையில், இத்தனை நேரம் நாம் படுத்திருந்த அதே மேசை. இரண்டு ஜோடிக் கண்கள் அதை விட்டு அகலாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் மைக். “பயப்படாதீங்கம்மா, ஆடாம படுத்திருங்க. நாங்க இங்க இருந்து பாத்துட்டேதான் இருக்கோம். ஏதாவதுன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திட்டு வந்துடுவோம்.” இந்தக் குரல் நம் ஊர்த் தமிழில் இருக்கவேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன். செய்தி வாசிப்பவரின் தமிழ் இங்கே உதவாது. குரோம்பேட்டையிலோ அனகாபுத்தூரிலோ வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஒரு பெண்ணின் குரலாக இருந்தால், படுத்திருக்கும் பாட்டியின் தோள் அந்த ஒரு வாக்கியத்திலேயே தளர்ந்துவிடும்.

தலையிலும் கழுத்திலும் நோய் கண்டவர்களுக்கு இன்னொரு கட்டம் இருக்கிறது, முகமூடி. வெற்றிலை பாக்கும் புகையிலையும் புழங்கும் நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்காரர்கள் ஏராளம் என்பதால், இதைக் கண்டு நடுங்குகிறவர்களும் ஏராளம். தட்டையான ஒரு பிளாஸ்டிக் தகடு. சுடுநீரில் ஏறத்தாழ 70 டிகிரியில் ஊறியதும் இளகிவிடும். ஈரத்தைத் துடைத்து, சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் முகத்தின்மேல் இழுத்துப் பதிப்பார்கள். நெற்றி, மூக்கு, மோவாய் என ஒவ்வொரு வளைவும் அதில் இறங்கும். சில நிமிடங்களில் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். தினமும் சிகிச்சை நேரத்தில் அதை முகத்தில் வைத்து மேசையோடு பூட்டுவார்கள், இம்மியும் அசையாதிருப்பதற்காக. மெய்நிகர் படம் இந்த இடத்தில் நின்று நிதானிக்கிறது. தகடு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள் இருப்பதை நெருங்கிக் காட்டுகிறது. அந்தத் துளைகளின் வழியே கூரையும் விளக்கும் தெரிவதைக் காட்டுகிறது. மூச்சு தடைபடாமல் போய்வரும் ஓசையைக் கேட்க வைக்கிறது. பூட்டுகள் எவ்வளவு விரைவாகக் கழன்றுவிடுகின்றன என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுகிறது. பயத்துக்குக் காரணமான பொருளை மறைக்காமல், அதன் ஒவ்வொரு துளையையும் காட்டிப் பயம் தெளிவிக்கும் நேர்மை அது. கதிர் ஓடுகிற நேரம் பெரும்பாலும் ஒருசில நிமிடங்களே என்பதையும் படம் கடிகாரத்தோடு காட்டிவிட்டால், மனம் எண்ணிக்கொள்ள ஒரு கணக்கும் கிடைத்துவிடுகிறது.

சிறு குழந்தைகளுக்கு இந்த அறிமுகம் இன்னும் பெரிய வரம். அசையாமல் படுக்கத் தெரியாத வயதில் தினமும் மயக்க மருந்து கொடுத்துத்தான் சிகிச்சை செய்யவேண்டியிருக்கிறது. அதற்காகக் காலையில் பட்டினி வேறு. அறை பழகிய குழந்தை ஒருநாள் மயக்கமில்லாமல் தானாகவே கண்ணை மூடிப் படுத்துவிட்டால், அந்தத் தாய்க்கு அன்று திருவிழா.

கண்ணாடியையே கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம். அரைக்கிலோ எடை. உள்ளே இரண்டு வில்லைகள், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம். தலையைத் திருப்பினால் காட்சியும் உடனே திரும்பவேண்டும். ஒரு நொடியை ஐம்பதாகப் பகிர்ந்தால் வரும் ஒரு பங்குக்குள், அதாவது 20 மில்லி நொடிக்குள், திரும்பிவிடவேண்டும் என்பது இத்துறையாரின் இலக்கு. அதற்குமேல் தாமதித்தால் கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்ல, குமட்டல் வரும். கீமோதெரபி முடித்து ஏற்கெனவே குமட்டலோடு வருகிறவரை இன்னும் குமட்ட வைக்கக்கூடாதே! அதனால்தான் நோயாளிக்கான படத்தில் கேமரா ஓடாது, பாயாது, சட்டென்று வளையாது. நடந்தால் நடையின் வேகம், நின்றால் அசையாத நிலை. முடி உதிர்ந்த தலையில் பட்டை உறுத்தாமல் மெல்லிய துணி, ஒருவர் மாட்டிய கண்ணாடியை அடுத்தவருக்குத் தருமுன் கிருமி நீக்கும் துடைப்பு. இவற்றைச் செய்யும் நர்ஸ் அக்காவின் கைகளும் இந்தக் கலையின் உறுப்புகளே.

அறையை அறிமுகப்படுத்துவது ஒரு வகை. காத்திருக்கும் நேரத்தில் மனத்தை வேறெங்காவது கூட்டிப்போய் ஆற்றிக் கொண்டுவருவது இன்னொரு வகை. மெய்யான சிகிச்சை நேரத்தில் கண்ணாடியை மாட்டியிருக்க வழியில்லை என்பதால், முன்னே கிடைக்கும் கால்மணி நேரம் பொன்னானது. இதற்கும் ஒரு வேர் இருக்கிறது. 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்கர் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை முடிந்த 46 பேர். அவர்களில் 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. கதிர்வீச்சு அறைக்கு ஜன்னலே வைக்க முடியாது. கதிரைத் தடுக்கும் சுவர்தான் அங்கே எல்லாப் பக்கமும். அதனாலேயே பல நாடுகளில் அந்த அறைகளின் கூரையில் வானமும் மரக்கிளையுமாக ஒளிரும் படங்களைப் பதித்திருக்கிறார்கள். மெய்நிகர் கண்ணாடி அந்த ஜன்னலின் அடுத்த பிறவி.

இந்த எண்ணம் நம் பக்கத்துக்குப் புதியதும் அல்ல. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் பக்கம் போனால் இரண்டாவது ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அப்படி ஓர் இடத்தை நடத்திப் பழகியவர். காற்றும் வெளிச்சமும் மரநிழலும் மருந்தோடு சேர்ந்தவை என்று நம்பித்தான் ஊருக்கு வெளியே அந்தப் பெரிய பரப்பைத் தேர்ந்தார். மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக அது இருந்த காலத்தில், நோயாளி எதைப் பார்த்தபடி படுத்திருக்கிறார் என்பதை எண்ணிப்பார்த்த ஒரு மருத்துவர் நம் ரயில் பாதையோரத்தில் வாழ்ந்திருக்கிறார்.

ஆகவே நம் நோயாளிக்கு எந்தக் காட்சியைக் காட்டுவது? வெளிநாட்டிலிருந்து வரும் படங்களில் பைன் காடும் பனிமலையும் பளிங்குக் கடலும் இருக்கின்றன. அழகுதான். ஆனால் மனம் போய் அமர்வதற்கு அதற்குத் தெரிந்த கிளை வேண்டும். என்னைக் கேட்டால் வேடந்தாங்கலைச் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை நிறைத்த ஏரி, நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்கள், இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஊர்க்காரர்கள் காத்துவரும் கூடுகள். நத்தைகுத்தி நாரை குச்சி கவ்விக்கொண்டு இறங்குகிறது. சாயங்கால வெளிச்சம் தண்ணீரில் சிந்துகிறது. தலையை இடப்பக்கம் திருப்பினால் கரை, வலப்பக்கம் திருப்பினால் வயல். கல்யாணமான புதிதில் அங்கே போய்வந்த ஒரு பெரியவர் கண்ணாடிக்குள், “இது மதுராந்தகம் பக்கமாச்சே!” என்று சொல்லிவிட்டால், அந்தக் காட்சி தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதைச் செய்வதற்கு வேண்டிய எல்லாமும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு மருத்துவமனையில் நோயாளியின் மனத்தைக் கவனிப்பதற்கென்றே ஒரு துறை இயங்குகிறது. கிண்டி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் முன்னின்று நடத்தும் ‘எக்ஸ்டிக்’ மையம் மெய்நிகர் நுட்பத்தையே ஆராய்கிறது. தரமணியில் 2019 முதல் புரோட்டான் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் இயந்திரங்களின் பக்கத்தில், ஒரு நல்ல செல்போன் விலைக்கு வந்துவிடும் கண்ணாடி பெரிய செலவில்லை. அந்தந்த மருத்துவமனையின் அறையை, அங்கே வேலை செய்கிறவர்களின் முகங்களோடும் குரல்களோடும், பத்து நிமிடப் படமாக எடுத்தால் போதும். இன்னொரு ஊரின் அறையைக் காட்டினால் இத்தனை நயமும் பாதியாகிவிடும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கரண்ட் வைக்கத் தேதி குறித்திருந்தால், அதற்கு முன்னால் ஒருமுறை அந்த அறையையும் முகமூடியையும் காட்டமுடியுமா என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். கண்ணாடி இருந்தால் கண்ணாடியில் காட்டட்டும். இல்லாவிட்டால் சிகிச்சை இல்லாத ஒரு வேளையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டட்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.